ஒலியின் வரலாறு – 17: இரைச்சல் பிறக்கும் இடம்

திருமயத்துச் சிவன் குடைவரையில் இருக்கும் இசைக் கல்வெட்டைச் சென்ற இதழில் பார்த்தோம். குடுமியான்மலையில் நமக்குப் பெரும்பாலும் முழுதாகக் கிடைத்திருக்கும் அந்த அறிவு, திருமயத்தில் பிற்காலக் கல்வெட்டு ஒன்று மேலே வெட்டப்பட்டதால் சிதைந்துபோய்விட்டது. ஒலியை எழுத்தில் பிடித்து வைக்க இந்தப் புதுக்கோட்டை மாவட்டத்துப் பாறைகளில் நடந்த முயற்சி ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பழையது. அது சுரமுள்ள ஒலி. இந்த இதழில் எடுத்துக்கொள்வது சுரமே இல்லாத ஒலி: ஜெட் விமான எஞ்சினின் இரைச்சல். அதைக் கணக்கில் பிடிக்க 1952-இல் தொடங்கிய முயற்சி இன்று சூப்பர் கம்ப்யூட்டர்களுக்குள் நடந்துகொண்டிருக்கிறது. இந்த எழுபது ஆண்டுக் கதையைப் பொதுவாக ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறார்கள்: கணினி வந்தது, விமானத்தின் சத்தம் அடங்கியது. ஆதாரங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் அந்த வரி நிற்காது. பயணிகள் விமானங்களின் சத்தம் பெருமளவு குறைந்தது கணினிக் கணக்குக்கு முன்பே. கணினி செய்த வேலை வேறு. என் பார்வையில் அது இன்னும் பெரிய வேலை, இன்னும் முடியாத வேலை.

திருமயத்திலிருந்தே தொடங்கலாம். பாரத் மிகுமின் நிறுவனமான பெல் இங்கே அமைத்த மின்நிலையக் குழாய்த் தொழிற்சாலையை 2013 ஆகஸ்ட் 2 அன்று அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங் நாட்டுக்கு அர்ப்பணித்தார். அனல்மின் நிலையங்களில் பாய்லருக்கும் டர்பைனுக்கும் நடுவே உயர் அழுத்த நீராவியைக் கொண்டுபோகும் தடித்த குழாய்களுக்கான ஆலை அது. அப்படிப்பட்ட குழாய்களை மின்நிலையத்தில் பொருத்தி முடித்ததும் டர்பைனோடு உடனே இணைத்துவிட மாட்டார்கள். உள்ளே வெல்டிங் கசடும் துருவும் செதிலும் ஒட்டியிருக்கும். அதில் ஒரு துணுக்கு போய் டர்பைன் பிளேடில் அடித்தாலும் சேதம்தான். அதனால் தற்காலிகக் குழாய் ஒன்றை மாட்டி, நீராவியை முழு வேகத்தில் வெளியே ஊதிவிடுவார்கள். இதற்கு 'ஸ்டீம் புளோயிங்' என்று பெயர். நீராவி வரும் வழியில் பளபளப்பாகத் தேய்த்த உலோகத் தகடு ஒன்றை வைத்து, அதில் விழுந்த குழிகளை எண்ணிப் பார்ப்பார்கள். குழிகள் குறையும் வரை திரும்பத் திரும்ப ஊதுவார்கள். அப்போது எழும் ஓலம் வெகுதூரம் கேட்கும். சைலன்சர் மாட்டினாலும் முழுதாக அடங்காது. ஜெட் எஞ்சினின் வாலிலிருந்து வருவதும் அடிப்படையில் இதே சத்தம்தான். வேகமாகப் பாயும் வாயு, அசையாமல் நிற்கும் காற்றுக்குள் புகும்போது எழுவது அது.

இதில் அதிர்வது எது? சர் சி.வி. ராமன் 1888-இல் திருவானைக்காவலில் பிறந்தவர். ஒளிக்கு நோபல் பரிசு வாங்குவதற்கு முன்னால் அவர் ஒலியின் ஆராய்ச்சியாளர். வில் பட்டு அதிரும் வயலின் தந்தியைப் பற்றி 1918-இல் விரிவாக எழுதினார். மிருதங்கத்தின் தோல் எப்படிச் சுருதியோடு ஒலிக்கிறது என்று 1920-இல் எழுதினார். தந்தியும் தோலும் கண்ணுக்குத் தெரிபவை, கையால் தொடக்கூடியவை. அவற்றின் அசைவைக் கணக்கிட்டால் ஒலி கிடைத்துவிடும். நீராவிப் பீச்சலில் தந்தியும் இல்லை, தோலும் இல்லை. குழாய் முனையைத் தாண்டியதும் பாயும் வாயுவுக்கும் நிற்கும் காற்றுக்கும் நடுவே ஒரு மெல்லிய படலம் உருவாகிறது. அது உடனே சுருண்டு சுழல்களாகிறது. சுழல்கள் பெருக்கின்றன, ஒன்றோடொன்று சேர்கின்றன, உடைந்து சிறு சுழல்களாகின்றன. இந்தக் கொந்தளிப்பில் ஒவ்வொரு இடத்திலும் அழுத்தம் ஏறி இறங்குகிறது. அதில் மிகச் சிறு பங்கு மட்டும் தப்பி, அலையாக வெளியே போய் நம் காதை எட்டுகிறது. காற்றே வாத்தியம், காற்றே வில். 1950 வரை இதற்குச் சரியான கணிதம் யாரிடமும் இல்லை.

அதை எழுதியவர் ஜேம்ஸ் லைட்ஹில். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருந்த அவருக்கு அப்போது 28 வயது. 1952-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அவருடைய கட்டுரை வந்தது. அதே ஆண்டு மே 2 அன்று உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான காமெட் லண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் புறப்பட்டது. ஆகஸ்டில் அது கொழும்புக்கும் வரத் தொடங்கியது. ஊர்களின் மேல் ஜெட் சத்தம் விழத் தொடங்கிய ஆண்டும் அதன் கணிதம் பிறந்த ஆண்டும் ஒன்றே. லைட்ஹில் செய்தது எளிமையாகத் தோன்றும். காற்றின் ஓட்டத்துக்கான சமன்பாடுகளை எதையும் விட்டுவிடாமல் எடுத்துக்கொண்டு, இடப் பக்கம் அமைதியான காற்றில் ஒலி அலை பரவும் விதியையும், வலப் பக்கம் மற்ற எல்லாவற்றையும் தள்ளினார். வலப் பக்கம் இருப்பதே ஒலியின் மூலம் என்றார். அதன் மதிப்பு அவருக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. ஆனாலும் அது வேகத்தோடு எப்படி வளரும் என்று அளவுகளை வைத்து வாதிட்டு ஒரு விதியைக் கண்டார்: ஒலியின் திறன், வெளியேறும் வாயு வேகத்தின் எட்டாம் அடுக்கில் வளர்கிறது. வேகம் இரட்டித்தால் ஒலியின் திறன் 256 மடங்கு ஆகும், அதாவது 24 டெசிபல் ஏறும். கணினி இல்லை, காகிதமும் பேனாவும் மட்டும். இருபதாம் நூற்றாண்டின் ஓட்டவியலில் இதைவிடச் சிக்கனமான வெற்றி எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை.

இந்த விதியிலிருந்து எஞ்சின் கட்டுபவருக்குக் கிடைக்கும் பாடத்தைக் கொஞ்சம் நின்று கணக்கிட்டுப் பார்க்கலாம். எஞ்சினின் உந்துவிசை, வெளியேறும் வாயுவின் நிறையையும் வேகத்தையும் பொறுத்தது. வேகத்தைப் பாதியாக்கி அதே உந்துவிசை வேண்டுமென்றால் வாய்ப் பரப்பை நாலு மடங்கு ஆக்க வேண்டும். வேகம் பாதியானதால் ஒலி 256-இல் ஒரு பங்காகும். பரப்பு நாலு மடங்கானதால் ஒலி நாலு மடங்கு ஏறும். நிகரமாக 64-இல் ஒரு பங்கு, அதாவது 18 டெசிபல் இறக்கம். விமானம் நிற்கும் நிலைக்கான தோராயக் கணக்கு இது. பறக்கும்போது எண்கள் மாறும், திசை மாறாது. குறைந்த காற்றை வேகமாகத் தள்ளுவதைவிட நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுவது மேல். விமான எஞ்சினின் முன்னால் தெரியும் பெரிய விசிறி இதைத்தான் செய்கிறது. அது இழுக்கும் காற்றில் பெரும்பகுதி எரிகலனுக்குள் போகாமல் சுற்றிக்கொண்டு பின்னால் போகிறது. அந்த வெளிக்காற்றுக்கும் உள்ளே போகும் காற்றுக்கும் உள்ள விகிதத்தை பைபாஸ் விகிதம் என்கிறார்கள். 1970 ஜனவரியில் சேவைக்கு வந்த போயிங் 747-இன் எஞ்சினில் அது சுமார் 5. இன்று பறக்கும் ஏ320 நியோ விமானங்களில் 11, 12 வரை போகிறது.

இங்கே வரலாற்றாசிரியன் கவனமாக இருக்க வேண்டும். அந்தப் பெரிய விசிறி வந்ததற்கு முதல் காரணம் லைட்ஹில் அல்ல, எரிபொருள். நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளினால் எரிபொருள் மிச்சமாகிறது. அமெரிக்க விமானப்படையின் பெரிய சரக்கு விமானமான சி-5 கேலக்ஸிக்காக 1960-களில் அந்த எஞ்சின் வகை உருவானது. அமைதி கூடவே வந்த பலன். இரைச்சலைக் குறைப்பதற்காகவே செய்த வேலைகள் அதற்கு முன்னர் நடந்தவை. ரோல்ஸ் ராய்ஸில் கிரேட்ரெக்ஸ் என்ற பொறியாளர் எஞ்சின் முனையை மடிப்பு மடிப்பாக நெளித்துப் பார்த்தார். நியூயார்க் துறைமுக ஆணையம் 1958-இல் தன் விமான நிலையத்துக்கு இரைச்சல் வரம்பு விதித்தபோது, முதல் போயிங் 707-களின் எஞ்சின் முனையில் பல குழல்கள் கொண்ட அடக்கிகளை மாட்ட வேண்டியிருந்தது. அவற்றால் எடை கூடியது, எரிபொருள் வீணானது, சத்தம் ஓரளவே இறங்கியது. ஆக, 1952 முதல் 1990 வரை விமானச் சத்தத்தை இறக்கியவை மூன்று: எரிபொருள் செலவு, அரசு விதிகள், பட்டறையில் செய்து பார்த்த சோதனை. லைட்ஹிலின் விதி அவை ஏன் பலித்தன என்று விளக்கியது. கணினிக்கு இந்தப் பட்டியலில் இடமில்லை.

அப்படியானால் கணினி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பதில் லைட்ஹில் சமன்பாட்டின் வலப் பக்கத்திலேயே இருக்கிறது. எவ்வளவு சத்தம் என்று அந்த விதி சொல்லும். எங்கே பிறக்கிறது, எந்தச் சுழல் குற்றவாளி, எதைத் தொட்டால் குறையும் என்று சொல்லாது. வேகத்தைக் குறைக்க வழியில்லாத இடத்தில் அந்த விதிக்குக் கொடுக்க வேறு யோசனை கிடையாது. மைக் வைத்து அளந்தால் தெரியாதா என்றால், தெரியாது. தூரத்தில் வைத்த மைக் எல்லாச் சுழல்களின் ஒலியையும் கலந்தே கேட்கிறது. பாய்ச்சலுக்குள்ளேயே கருவியை நுழைத்தால் அது அழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தை எல்லாம் பதிவு செய்யும். அதில் எது அலையாக வெளியேறப் போகிறது, எது அங்கேயே செத்துவிடும் என்று பிரிக்க வழியில்லை. அளவுகளைப் பார்த்தால் சிரமம் புரியும். நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தம் சுமார் ஒரு லட்சம் பாஸ்கல். காதைத் துன்புறுத்தும் 100 டெசிபல் ஒலியில் அழுத்தம் மாறுவது 2 பாஸ்கல், அதாவது ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. ஒலியைவிட மெதுவாக வெளியேறும் ஜெட்டில், பாய்ச்சலின் மொத்த ஆற்றலில் ஒலியாக மாறுவது பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே. அவ்வளவு பெரிய கொந்தளிப்புக்குள் இவ்வளவு சிறிய ஒன்று எங்கே பிறக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது.

இதைத் தேடாமலே எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு போயிங் 787 சாட்சி. அதன் எஞ்சின் கூட்டின் பின்விளிம்பு ரம்பப் பல் போல வெட்டப்பட்டிருப்பதை ஏர் இந்தியாவின் ட்ரீம்லைனரில் போனவர்கள் பார்த்திருப்பார்கள். அந்தப் பற்களுக்கு செவ்ரான் என்று பெயர். உள்ளே வரும் பாய்ச்சலையும் வெளிக்காற்றையும் அவை மெல்லக் கலக்கவைத்து, பெரிய சுழல்களின் வலுவைக் குறைக்கின்றன. இதற்கு அண்ணன்முறையான ஒரு கருவி, குழாய் முனையில் நீட்டிவிடும் சிறு தகடு. அதைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்த இந்தியர்களில் முக்கியமானவர் ஐ.ஐ.டி. கான்பூரில் பணியாற்றிய இ. ராதாகிருஷ்ணன். அவருடைய வாயு இயக்கவியல் பாடநூலை விமானப் பொறியியல் படித்தவர்கள் அறிவார்கள். செவ்ரானோ தகடோ, எத்தனை பல், எவ்வளவு நீளம், எவ்வளவு உள்நோக்கிச் சாய்க்கலாம் என்பதெல்லாம் பெரும்பாலும் செய்து பார்த்தே முடிவானவை. கிடைத்தது சில டெசிபல். பல்லை அதிகம் உள்ளே சாய்த்தால் தாழ்ந்த சுருதியில் சத்தம் குறைந்து, உயர்ந்த சுருதியில் ஏறிவிடும். ஏன் என்று தெரியாமல் செய்து பார்ப்பதன் எல்லை அது.

கணினியில் இதைச் செய்வதற்கு வழி திறந்தது 1990-களில்தான். அதற்கு முன் ஏன் முடியவில்லை என்பது இந்த வரலாற்றின் சுவையான பகுதி. ரஷ்யக் கணிதமேதை கோல்மகோரோவ் 1941-இல் தந்த கருத்துகளின்படி, கொந்தளிப்பில் உள்ள மிகச் சிறிய சுழல்வரை பிடிக்க வேண்டுமானால் இடத்தை எத்தனை புள்ளிகளாகப் பிரிக்க வேண்டும் என்று கணிக்கலாம். உண்மையான விமான எஞ்சினுக்கு அது சுமார் ஐயாயிரம் லட்சம் கோடி புள்ளிகளுக்கு மேல் போகும். ஒவ்வொரு புள்ளியிலும் லட்சக்கணக்கான கண நேரங்களுக்குக் கணக்கு ஓட வேண்டும். இன்றைக்கும் எந்தக் கணினிக்கும் அது எட்டாத தொகை. இன்னொரு தடை அதைவிட நுட்பமானது. விமான இறக்கையைச் சுற்றிக் காற்றோட்டத்தைக் கணக்கிட அப்போது பயன்பட்ட முறைகள், நிலைத்து ஓடுவதற்காகவே சிறு அசைவுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக மழுக்கிவிடும். இறக்கைக்கு அது பரவாயில்லை. ஒலியோ அந்தச் சிறு அசைவேதான். அது கணக்கின் ஓரத்தை எட்டும் முன்பே கரைந்துவிடும். ஸ்டான்ஃபோர்டின் சஞ்சீவ லேலே 1992-இலும், ஃபுளோரிடாவின் கிறிஸ்டோபர் டாம் தன் மாணவரோடு 1993-இலும், அலையை மழுக்காமலும் அதன் வேகத்தைத் திரிக்காமலும் கணக்கைக் கொண்டுபோகும் முறைகளைத் தந்தார்கள். மூன்றாவது தடை விளிம்பு. கணினிக்குள் இருக்கும் காற்றுக்கு எங்காவது ஓர் எல்லை உண்டு. அலை அங்கே மோதித் திரும்பினால், பிறந்த ஒலி எது எதிரொலி எது என்று தெரியாமல் போகும். எதிரொலிக்காத விளிம்பை எழுதுவதற்கே பலர் பல ஆண்டுகள் உழைத்தார்கள். இந்தத் துறையின் முதல் பத்தாண்டில் இரைச்சலைவிட விளிம்பைப் பற்றிய கட்டுரைகள்தான் முக்கியமாக இருந்தன என்று நான் கருதுகிறேன்.

2001-இல் ஜொனாதன் ஃபிராயண்ட் ஒரு முழு ஜெட்டையும் அதன் ஒலியையும் எதையும் விட்டுவிடாமல் கணக்கிட்டுக் காட்டினார். வாயுவின் வேகம் ஒலியின் வேகத்தில் பத்தில் ஒன்பது பங்கு. ஆனால் ஜெட் மிகச் சிறியது, கொந்தளிப்பின் அளவைக் குறிக்கும் ரெனால்ட்ஸ் எண் வெறும் 3,600. உண்மை எஞ்சினில் அது கோடியைத் தொடும். ஃபிராயண்ட் அந்த 3,600-ஐத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 1980-இல் ஸ்ட்ரோம்பெர்க், மெக்லாக்லின், டிரவுட் ஆகிய மூவர் அதே எண்ணில் ஒரு சோதனையைச் செய்து, ஒலியையும் அளந்து வைத்திருந்தார்கள். கணக்கும் அளவும் ஒத்துப்போயின. அப்போதுதான் கணினிக்குள் பிறந்த ஒலியை நம்பலாம் என்ற தைரியம் வந்தது. பெரிய எஞ்சின்களுக்குப் போக, பெரிய சுழல்களை மட்டும் நேராகக் கணக்கிட்டு, சிறியவற்றைத் தோராய விதியால் ஈடுகட்டும் வழியைப் பிடித்தார்கள். அந்த வழி 1963-இல் ஸ்மாகோரின்ஸ்கி வானிலைக் கணிப்புக்காகக் கண்டது. 2013 ஜனவரியில் ஸ்டான்ஃபோர்டின் ஜோசப் நிக்கல்ஸ், கலிஃபோர்னியாவின் லிவர்மோர் ஆய்வகத்தில் இருந்த சிக்வோயா கணினியில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கோர்களை (செயலிக் கருக்களை) ஒரே நேரத்தில் ஓட்டி, ஒலியை மிஞ்சும் ஜெட்டின் இரைச்சலைக் கணக்கிட்டார். ஓட்டவியல் கணக்கு ஒன்றுக்குப் பத்து லட்சம் கோர்களைப் பூட்டியது அப்போது ஒரு சாதனை. அணுகுண்டு ஆய்வுக்காகக் கட்டிய அந்த இயந்திரத்தில் மொத்தம் 15,72,864 கோர்கள் இருந்தன.

இத்தனை செலவில் கண்டது என்ன? மிக முக்கியமானதாக நான் கருதுவது இதை. ஜெட்டின் பின்புறம், பாயும் திசையை ஒட்டிய கோணத்தில் கேட்கும் உரத்த ஓசை, மிகக் கடுமையாகக் கொந்தளிக்கும் இடத்திலிருந்து வருவதில்லை. ஜெட்டின் நீளத்துக்கு ஒழுங்காக வளர்ந்து தேயும் நீண்ட அலைக்கோவை ஒன்றிலிருந்து வருகிறது. ஆற்றலில் அது சிறுபங்கு. ஒழுங்காக இருப்பதாலேயே அதன் ஒலி ஒன்றையொன்று அழிக்காமல் தூரம் போகிறது. கொந்தளிப்புக்குள் ஒழுங்கு இருக்கிறது என்ற சந்தேகம் பழையது. 1971-இல் குரோவும் ஷாம்பேனும், 1974-இல் பிரவுனும் ரோஷ்கோவும் புகைப்படங்களிலேயே அதைக் காட்டினார்கள். அதற்கும் காதில் விழும் சத்தத்துக்கும் உள்ள உறவைக் கோணத்துக்குக் கோணம் பிரித்துப் பார்க்க உதவியது கணக்கு. கணினிக்குள் இருக்கும் ஜெட்டில் எந்தப் புள்ளியிலும், எந்தக் கணத்திலும், ஓட்டத்தைக் கலைக்காமல் அழுத்தத்தைப் படிக்கலாம். அதே ஓட்டத்தை மறுபடி ஓட்டி, ஒரு பகுதியை மட்டும் அடக்கிப் பார்க்கலாம். சோதனைக்கூடத்துக்கு அந்த வசதி கிடையாது. இதனால்தான் கணினியை நான் இரைச்சல் குறைக்கும் கருவி என்று எழுதவில்லை. தேடிக் காட்டும் கருவி என்றே எழுதுகிறேன்.

நாம் போட்ட அனுமானத்தைத்தானே கணினி திருப்பித் தருகிறது என்ற மறுப்பை எளிதில் தள்ளிவிட முடியாது. சிறு சுழல்களுக்குத் தோராய விதி போட்டால், விடையில் அந்தத் தோராயமும் கலந்திருக்கும். 2000-களின் கணக்குகள் பல, சோதனையில் கேட்டதைவிட அதிகச் சத்தத்தைக் காட்டின. விதியைத் திருகி விடையைப் பொருத்திவிடும் ஆசை அப்போது எழுந்திருக்கலாம். நடந்தது வேறு. தவறு எங்கே என்று தேடியபோது அது குழாய்க்கு உள்ளே இருப்பது தெரிந்தது. குழாய்ச் சுவரை ஒட்டி வரும் மெல்லிய காற்றுப் படலம் உண்மையில் ஏற்கெனவே கொந்தளித்துக்கொண்டு வெளியே வருகிறது. கணக்கில் அதை அமைதியாக விட்டிருந்தார்கள். அமைதியான படலம் வெளியே வந்ததும் ஒரே சீராகச் சுருண்டு, சுழல்கள் ஜோடி ஜோடியாகச் சேர்ந்து, கூடுதல் சத்தம் போடும். கியோம் பிரெஸ் குழுவினர் 2018-இல், ஃபிரான்ஸின் புவாத்தியே நகர ஆய்வகத்தில் நடந்த சோதனையோடு சேர்த்து இதை விரிவாகக் காட்டினார்கள். படலத்தைச் சரியாக எழுதியதும் கணக்கும் அளவும் பெரும்பாலான கோணங்களில் நெருங்கி ஒத்துப்போயின. கணினி தவறிய இடமே ஒரு புதிய உண்மையைக் காட்டியது: எஞ்சின் முனையில் மயிரிழைபோன்ற ஒரு படலத்தின் நிலை, தூரத்தில் கேட்கும் சத்தத்தை மாற்றும். சோதனையோடு ஒப்பிடாத கணக்குக்கு மதிப்பில்லை என்பதில் எனக்கும் மறுப்பாளருக்கும் கருத்து வேறுபாடே இல்லை.

வேகத்தைக் குறைக்க முடியாத இடம் என்று மேலே சொன்னேன். அது நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 2020 ஜனவரி 20 அன்று தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் சுகோய்-30 எம்.கே.ஐ. படைப்பிரிவு ஒன்று நிறுத்தப்பட்டது. போர் விமானத்தின் எஞ்சினுக்குப் பெரிய விசிறி பொருத்த முடியாது, அது உடலுக்குள் அடங்க வேண்டும். ஆஃப்டர்பர்னர் எரியும்போது வாயு ஒலியின் வேகத்தை எளிதாகத் தாண்டி வெளியேறுகிறது. அந்த வேகத்தில் எட்டாம் அடுக்கு விதியே மாறிவிடுகிறது. சுழல்களே ஒலியை முந்திக்கொண்டு ஓடுவதால் அவை நேராக அலையைக் கிளப்புகின்றன. வாயுவுக்குள் நிற்கும் அதிர்ச்சி அலைகளும் சுழல்களும் மாறி மாறித் தூண்டிக்கொண்டு ஒரே சுருதியில் கிறீச்சிடுவதும் உண்டு. 1953-இல் ஆலன் பவல் அதை விளக்கினார். (சூப்பர்சானிக் வேகத்தில் பறக்கும்போது தரையில் கேட்கும் திடீர் வெடிச்சத்தம் வேறு. அது விமானத்தின் உடல் கிளப்பும் அதிர்ச்சி அலை, எஞ்சின் இரைச்சல் அல்ல. இரண்டையும் செய்தித்தாள்கள் அடிக்கடி குழப்பிவிடுகின்றன.) ஓடுபாதையில் இந்த எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்க்கும் தரைப் பணியாளர்களின் செவி ஒவ்வொரு நாளும் தேய்கிறது. பயணிகள் விமானத்துக்குக் கிடைத்த எரிபொருள் லாபம் என்ற உந்துதல் இங்கே இல்லை. எங்கே பிறக்கிறது என்று அறிந்து, அங்கே மட்டும் தொடுவதுதான் ஒரே வழி. பயணிகள் விமானத்திலும் விசிறி பெருத்துக்கொண்டே போய் இறக்கைக்கு மிக அருகில் வந்துவிட்டது. இறக்கையின் விளிம்பில் பாய்ச்சல் உரசிப் புதிய சத்தத்தைக் கிளப்புகிறது. அதற்கும் பழைய விதி போதாது.

இந்தியா இதில் எங்கே நின்றது? 1980-களில் சூப்பர் கம்ப்யூட்டர் விற்பதில் அமெரிக்கா கெடுபிடி காட்டியது. வானிலைக் கணிப்புக்கு மட்டும் கிரே எக்ஸ்-எம்.பி. ஒன்று டெல்லிக்கு வந்தது. பெங்களூர் தேசிய விமானவியல் ஆய்வகத்தில், ரொத்தம் நரசிம்மா இயக்குநராக இருந்தபோது, 1986-இல் ஃபுளோசால்வர் என்ற இணைக் கணினியைச் சொந்தமாகக் கட்டினார்கள். காற்றோட்டச் சமன்பாடுகளைத் தீர்ப்பதற்காகவே அது பிறந்தது, பெயரிலேயே அது இருக்கிறது. 1988-இல் அரசின் கணினி ஆராய்ச்சி அமைப்பான சி-டாக் தொடங்கி, 1991-இல் அதன் பரம் 8000 சூப்பர் கம்ப்யூட்டர் வந்தது. 2015-இல் தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டம் 4,500 கோடி ரூபாயில் ஒப்புதல் பெற்றது. அதன் கீழ் 2022 மே 25 அன்று திருச்சி என்.ஐ.டி.யில் 'பரம் பொருள்' திறக்கப்பட்டது. வேகம் 838 டெராஃபிளாப்ஸ் (நொடிக்கு லட்சம் கோடி கணக்கு ஒரு டெராஃபிளாப்ஸ்). துவாக்குடிப் பக்கத்தில், பெல் நிறுவனத்தின் திருச்சி ஆலைகளுக்கு அருகில், திருமயத்திலிருந்து காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் போய் வரலாம் என்ற தூரத்தில் அது இருக்கிறது.

சிக்வோயாவின் உச்ச வேகத்தில் சுமார் 24-இல் ஒரு பங்குதான் அது. இதை வைத்து என்ன செய்துவிட முடியும் என்று கேட்கலாம். ஃபிராயண்டின் கட்டுரை வந்த 2001-இல் உலகின் முதலிடத்தில் இருந்த ஆஸ்கி ஒயிட் கணினியின் உச்ச வேகம் 12 டெராஃபிளாப்ஸை ஒட்டியது. பரம் பொருள் அதைப்போல ஏறக்குறைய எழுபது மடங்கு. இந்தத் துறையின் பாதையைத் திருப்பிய கணக்குகள் பலவற்றை இங்கேயே போட்டுப் பார்க்க முடியும். ஏழை நாட்டுக்கு இது தேவையா என்பவர்களுக்கும் சொல்ல ஒன்று உண்டு. கட்டுப்பாட்டு வால்வுகளின் இரைச்சலை மதிப்பிட இன்று உலகம் முழுதும் பின்பற்றும் சர்வதேசத் தரவிதி லைட்ஹிலின் கணிதத்தில் நிற்கிறது. நீராவிக் கட்டுப்பாட்டு வால்வுகளின் இரைச்சலும் அந்த விதியால் அளக்கப்படுகிறது. எவ்வளவு என்று அது சொல்கிறது, எங்கே என்று சொல்வதில்லை. காற்றுக்குப் பதில் நீராவி என்பதுபோன்ற வேறுபாடுகளைக் கணக்கில் சேர்த்தால், விமானத்துக்கு வளர்ந்த கணக்கு முறையை மின்நிலைய வால்வுக்கும் திருப்பலாம். வேலை பார்ப்பவரின் காதைக் காப்பாற்ற இது உதவும் என்றால், அந்தச் செலவு ஆடம்பரம் ஆகாது.

கணக்குக்கு ஒப்பிட அளவீடு வேண்டும் என்பதே இந்த இதழ் முழுதும் வந்த பாடம். நம்மிடம் இல்லாதது அதுதான். சென்னை ஐ.ஐ.டி.யில் எதிரொலி இல்லாத அறைக்குள் சிறு ஜெட்களின் ஒலியை அளக்கிறார்கள். ஆனால் முழு அளவு நீராவிப் பாய்ச்சலை அளப்பதற்கு நம் மின்நிலையங்கள் தவிர வேறு இடமில்லை. ஸ்டீம் புளோயிங் நடக்கும் நாளில் தகட்டில் விழுந்த குழிகளை எண்ணி எழுதி வைக்கும் பொறியாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: நாலு திசையில், நாலு தூரத்தில் மைக் வைத்து, அழுத்தமும் வெப்பநிலையும் குழாயின் வாய் அளவும் சேர்த்து அந்த ஒலியையும் பதிந்து வையுங்கள், நிறுவனத்தின் அனுமதியோடு அதைக் கல்லூரிகளுக்குத் திறந்துவிடுங்கள். புதுக்கோட்டை, திருச்சி மாவட்டப் பொறியியல் மாணவர்களிடம் இன்னொன்று: அந்த எண்கள் வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க, பரம் பொருளில் ஒரு கணக்கு இப்போதே ஓடிக்கொண்டிருக்கட்டும்.